கேட்டில் வாங்கி வைத்த பஃப்

பட்டாசுக் கம்பெனியில் விடிந்தும் விடியாமல் புஸ்வாணத்துக்கு மருந்து கெட்டிக்க உட்கார்ந்துவிடுவோம். வெயில் ஏறினால் மருந்துக்கு ஆகாதாம். எங்கள் நெஞ்சுக்கு எது ஆகாது என்று எவன் கேட்டான்? வெம்பக்கோட்டையிலிருந்து வரும் அத்தனை பேர் மூக்கிலும் தொண்டையிலும் அலுமினியப் பொடிதான்.

எங்களோடு மருந்து கெட்டிக்கும் வேல்விழிக்கு அது இளைப்பாக இறங்கியது. சிவகாசி டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிப்போனது எங்கள் கங்காணி முனியராஜ் அண்ணன். அவருக்கும் இளைப்பு, முதலாளிக்குத் தெரியாமல், மூச்சு முட்டினால் வாயில் வைத்து இழுக்கும் பஃப்பை இடுப்பில் ஒளித்திருப்பார்.

"நல்லா இருந்தாலும் காலையும் சாயங்காலமும் மருந்து இழுக்கணும், வாய் கொப்பளிக்கணும். மூச்சு முட்டினா இழுக்க இது. எப்பவும் கையிலயே இருக்கணும். பொடிப் பக்கம் போகாதே" என்றார் டாக்டரம்மா. தகரக் குப்பி உரசினால் பொறி பறக்கும், கம்பெனிக்குள் ஆகாதென்று, பிளாஸ்டிக் பஃப்பாகவே பார்த்துக் கொடுத்தார்.

வேல்விழி ஒரு வேளையும் தவறவில்லை. லேபிள் ஒட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள். மூச்சு வாங்காமல் சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

தீபாவளி ஆர்டர் குவிந்ததும் மறுபடி மருந்து அறைக்கே தள்ளினார்கள். அன்று கேட்டில் அவள் பஃப்பை வாங்கி வைத்தது யார்? முனியராஜ் அண்ணனேதான்.

"இன்ஸ்பெக்சன் வாராக தாயி. இதப் பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பாக."

கூடப்பிறந்தவராக அல்லவா அவரை நினைத்திருந்தோம்!

வெயில் ஏறுமுன்னே வேல்விழிக்கு மூச்சு முட்டிக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது. வெளியே தூக்கி வந்தோம். ஒருத்தி பஃப்பை எடுக்கக் கேட்டுக்கு ஓடினாள்; கேட் எட்டத்தில் கிடந்தது. முதலாளி சீனிவாசகம் வந்து நின்றார். இடுப்புக்குப் போன முனியராஜ் அண்ணனின் கை, முதலாளியைப் பார்த்ததும் வெறுங்கையாகத் திரும்பியது.

அடப்பாவி மனுசா! நான் விடுவேனா? அவர் இடுப்பிலிருந்து உருவி, அவள் வாயில் வைத்து அழுத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது.

"ஏலே முனியராசு, ஒனக்குமா?" என்றார் முதலாளி. "சீக்காளிகள வச்சா கம்பெனி நடத்துதேன்? ரெண்டு பேரும் நாளையிலருந்து வேலைக்கு வராதீக."

"நாங்க நல்ல நெஞ்சோடதான் வந்தோம், மொதலாளி. சீக்கு ஒங்க பொடி குடுத்தது" என்றேன்.

"வாய்க்கொழுப்பப் பாரு. வெளிய எம்புட்டுப் பேரு வேலைக்கு நிக்கான் தெரியுமா?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வேல்விழியின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த இளைப்பு பொடியாலதான்னு எங்க வந்து சொல்லணுமோ, கூப்பிடுங்க. வந்து சொல்றேன்" என்றார்.

மறுநாள் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. பஃப் எங்கள் கையில் இருக்க வேண்டும், பொடியை உறிஞ்ச மிஷின் வேண்டும், ரெண்டு பேருக்கும் வேலை வேண்டும் என்று கேட்டு வாசலில் உட்கார்ந்தோம். முனியராஜ் அண்ணன் வந்து எட்டவே நின்றார். ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை.

வேல்விழி வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"யண்ணே, காலையில மருந்து இழுத்தீகளா?"

அவர் தலை கவிழ்ந்தபடி இல்லையென்று ஆட்டினார்.

"இழுத்துட்டு வந்து இங்கன உக்காருங்க. பொழுதுக்கும் கத்தணும்."

எனக்கு ஆறவில்லை. கேட்டும் திறக்கவில்லை. ஆனாலும் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.