மீனவர்கள் அல்ல

சிட்னியிலிருந்து வடக்கே போயிருந்த ரோந்துக் கப்பலுக்கு மிருணாளினிதான் கப்டன். அங்கே செவன் ஹில்ஸ் புறநகரில் வளர்ந்த தமிழ்ப் பெண். மார்ச்சில் ஒரு காலை, தீவு நாடொன்றிலிருந்து தப்பிய படகு அவளுடைய கப்பலை ஒட்டி வந்து நின்றது. உள்ளே ஒன்பது சிப்பாய்கள். ராணுவ ஆட்சியை எதிர்த்துக் கிளம்பி, பத்தே நாளில் தோற்றுப்போனவர்கள். சீருடையைக்கூடக் கழற்றவில்லை. இருவருக்குக் குண்டுக் காயம். தலைவன் துப்பாக்கியைக் கடலில் எறிந்துவிட்டுத் தஞ்சம் கேட்டான்.

துரத்தி வந்த தீவின் கப்பல், துரோகிகளை ஒப்படைக்கச் சொல்லி வானொலியில் மிரட்டியது. மிருணாளினி கன்பராவைக் கேட்டாள். அங்கே ஆலோசித்தார்கள், மேலும் ஆலோசித்தார்கள். நாற்பது நிமிடம் பொறுத்தாள். பிறகு ஒன்பது பேரையும் மேலே ஏற்றினாள்.

தீவு நாடு தன் தூதரைத் திருப்பி அழைத்தது. துறைமுக ஒப்பந்தம் இனி இல்லை என்றது. மனித உரிமை பற்றி மேடைதோறும் முழங்கும் கன்பரா மந்திரி, தூதரை எப்படியாவது திரும்ப வரவழைக்கச் சொல்லி வெளியுறவுத் துறையை விரட்டினார்.

சிட்னியில் அவளை விசாரணைக்கு அழைத்தார்கள். தமிழில் பேசினால் இளகுவாள் என்று நினைத்து, வெளியுறவுத் துறையிலிருந்து பிரசன்னா என்ற சென்னைக்காரரை அனுப்பியிருந்தார்கள். அவர் ஒரு தாளை நீட்டினார்.

"சின்ன விஷயம்தாங்க. மீனவங்கன்னு நினைச்சு ஏத்தினேன்னு ஒரு கையெழுத்து. தூதர் திரும்பி வந்துடுவார்."

"மீனவர் எண்டால் திருப்பி அனுப்பிப் போடலாம். அப்பிடித்தானே?"

"கடல்ல காப்பாத்தின மீனவங்கள ஊருக்கு அனுப்புறது வழக்கம்தானே?"

"சீருடை போட்டு மீன் பிடிக்கிறவையை எங்க கண்டனீங்கள்?"

"உங்க கரியரை யோசிங்க, மேடம்."

"யோசிச்சனான். அவையள் தஞ்சம் கேட்டதை அண்டைக்கே கப்பல் பதிவில எழுதிப்போட்டன். உங்கட தாளை நீங்களே வச்சிருங்கோ."

அந்த வாரமே ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து தமிழ்ச் சங்கத் தலைவர் செந்தூரன் தொலைபேசியில் வந்தார். அவளுக்குப் பொன்னாடை போர்த்துவதாக அறிவித்திருந்தவர்.

"தங்கச்சி, இந்த முறை வேண்டாம். விழாவுக்கு மந்திரி வாறார். குறை நினைக்காதேங்கோ."

அவரும் படகில் வந்தவர்தான். இப்போது மந்திரிமாரோடு படம் எடுப்பதற்கென்றே வேட்டி கட்டுகிறார்.

"அண்ணை, உங்களைக் கடலில ஏத்தின கப்டனுக்கு ஆரும் பொன்னாடை போட்டவையோ?"

"ஹலோ? லைன் கிளியரில்லை, தங்கச்சி..."

கையெழுத்துப் போடாததற்கு அவளிடமிருந்து கப்பலைப் பறித்து, கன்பராவில் பயிற்சிக் கையேடு திருத்தும் மேசையில் உட்காரவைத்தார்கள். அது அவளுக்கு உண்மையாகவே வலித்தது. ஆனால் பதிவில் ஏறியதை எவராலும் அழிக்க முடியவில்லை. ஒன்பது பேருக்கும் பாதுகாப்பு விசா கிடைத்தது.

மூன்றாம் மாதம் அந்தக் கையெழுத்து இல்லாமலே தூதர் திரும்பி வந்தார். அவ்வளவுதான் தீவு நாட்டின் கோபம். அவரும் மந்திரியும் கைகுலுக்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்த மிருணாளினி, பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தாள்.