மாசியில் கட்டிய காப்பு

1

இந்தக் கதை ஒரு ரப்பர் ஸ்டாம்பிலிருந்து பிறந்தது. காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் அது கிடைத்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து ‘காப்புச் சங்கம்’ என்பது மட்டும் மிச்சமிருந்தது. எதைக் காத்த சங்கமோ, கடைக்காரருக்கும் தெரியவில்லை. மீதியெல்லாம் என் புளுகு. ஆனால் எழுத எழுத எனக்கே பயம் வந்துவிட்டது. அது மட்டும் நிஜம்.

2

‘1974, மாசி மாதம். கோட்டையூருக்குத் தெற்கே, இயற்கை எழில் கொஞ்சும் ஒரு...’

(இல்லை. அங்கே எழிலும் இல்லை, கொஞ்சலும் இல்லை. அம்மன் காட்டு இலுப்பை மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கின. கிட்டப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்த மாதம் தாய்களின் நெஞ்சில் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.)

காட்டை வெட்ட ஒரு காண்ட்ராக்டர் உத்தரவு வாங்கிவிட்டார். தடுக்க வந்தது காரைக்குடி வனவுயிர்ப் பாதுகாப்புச் சங்கம். சங்கமென்றால் நாலு பேர், ஒரு சைக்கிள், அப்புறம் என் ஸ்டாம்பு. கோர்ட்டில் தடை கேட்டிருந்தார்கள். அது திங்கட்கிழமைதான் கிடைக்கும். வெட்டுகிற ஆட்கள் வெள்ளிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார்கள்.

“திங்கக்கெழமை வரைக்கும் நிப்பாட்டிக் குடுத்தீகன்னாப் போதும்,” என்று ஊரைக் கூட்டிக் கேட்டார் சங்கத்துச் செயலாளர் அழகுசுந்தரம்.

ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை அம்மன் காட்டில் அசலூர்க்காரன்கூட அரிவாள் ஓங்க மாட்டான். ஆனால் திருவிழா பங்குனியில். அம்மன் உத்தரவில்லாமல் மாசியில் கட்டுவது பொய்க் காப்பு. அதைக் கட்டினவன் குடும்பம் விளங்காது என்று ஊரே நம்பியது.

பூசாரி வீரணன் கட்டிக்கொண்டார். மஞ்சள் கிழங்கு கோத்த நூல் மணிக்கட்டில் இறுகியது. வெட்டுக்காரர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள்.

3

சனிக்கிழமை மத்தியானம் மருமகன் சேதுபதி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். வீரணனின் ஒரே மகள் சின்னத்தாயியைக் கட்டியவன். தாயில்லாத பிள்ளை அவள், வீரணன்தான் வளர்த்தார்.

“மாமா, அவ ஆசுபத்திரில கெடக்கா. பிள்ளை பொறந்துருச்சு, ரத்தம் நிக்கல. என் ரத்தம் சேரலங்குறாக. ஒங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாக.”

காப்புக் கட்டிய பூசாரி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெற்ற தீட்டை அண்டவே கூடாது. அவிழ்த்துவிட்டுப் போகலாம். அவிழ்த்தால் காடு போய்விடும்.

ஆத்தா காவு கேட்டுட்டா, என்று நினைத்தார் வீரணன். மகள் முகத்தை நினைக்கப் பார்த்தார், வரவில்லை.

(கேட்டது ஆத்தா இல்லை, நான். கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டுமென்று அந்தப் பெண்ணை அங்கே கிடத்தினேன். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வேன்?)

4

எல்லைக் கல்லருகே ஊர் கூடிவிட்டது. வெட்டுக்காரர்களின் மேஸ்திரி மாயக்கண்ணனும் வந்தான்.

“நாங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதேன், பூசாரி. போயிட்டு வாங்க. ஆனா காப்பு இல்லாத காட்ட வெட்டாம இருந்தா காண்ட்ராக்டருக்கு நான் என்ன பதில் சொல்ல? ஊரே வீட்டுக்கு ஒரு கை கட்டட்டும், எங்க ஆளுக தொட மாட்டாக. பூசாரி கை இல்லாம வேற ஒத்தக் கைக்கு நிக்க மாட்டாக.”

அழகுசுந்தரம் சட்டெனக் கையை நீட்டினார்.

“நீங்க இந்த ஊரு இல்லீகளே,” என்றான் மாயக்கண்ணன். அவர் கையை மடக்கிக்கொண்டார். பாவமாக இருந்தது.

கட்டினால் பொய்க் காப்பின் பழி கட்டிய வீட்டிலெல்லாம் ஏறும். சின்னத்தாயிக்கு நேர்ந்ததைத்தான் இப்போது எல்லோரும் கேட்டார்களே. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஊர்க்காரி காளியாயி முன்னால் வந்தாள். “எங்க வீட்டுலயும் மருமக மாசமாத்தேன் இருக்கா. பயமாத்தான் இருக்குண்ணே. கட்டுங்க.”

அவள் கையில் கட்டினார்கள்.

5

‘ஊரே திரண்டு கை நீட்டியது...’ இப்படி எழுதினேன். சங்கத்து நோட்டீஸ் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.

‘வீரணன் நூலை அறுத்துவிட்டு ஓடினார். முதுகுக்குப் பின்னால் முதல் வெட்டு...’ அடித்துவிட்டேன்.

‘அவர் போகவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து...’ இதை முடிக்கவே என் கை வரவில்லை.

ஆகவே வீரணன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருக்கிறார். நூல் இன்னும் கையில் இருக்கிறது. காளியாயிக்கு அடுத்து இன்னொரு கை வேண்டும். அது நீண்டால் மற்றவையும் நீளும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தக் கைக்கு நான் பெயர் வைத்தால், அந்த வீட்டுக்கு என்ன ஆகுமோ? என் கையையே நீட்டலாம்தான். அதை மேசைக்கடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் இவ்வளவு நேரம் இந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள்; இனி அசலூர் என்று சொல்லித் தப்ப முடியாது. காளியாயி நூல் உருண்டையை உங்கள் பக்கம் நீட்டுகிறாள். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் நினைத்துப் பார்க்கிறீர்கள். தெரிகிறது.

சேதுபதி ஒரு காலைத் தரையில் ஊன்றி, உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.