அந்துப்பூச்சி அறைக்கு ஆள்

குளவி வளர்க்கும் இடத்தில் வேலை என்று சொன்னால், கொட்டாதா என்று கேட்காதவர் கிடையாது. கொட்டாது. எங்கள் குளவி கடுகில் கால்வாசிகூட இருக்காது. பயிரைத் தின்னும் பூச்சியின் முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்காது, குளவிதான் பிறக்கும். அதைப் பெருக்க ஏராளமாக முட்டை வேண்டுமே, அதற்காகத்தான் அந்துப்பூச்சி வளர்க்கிறோம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊட்டுகிறவள் நான்.

ஆறு வருஷமாக இதே அறை. தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து, பூச்சிகளைக் குழாயால் உறிஞ்சிப் பிடித்து வலைக்கூண்டில் விட வேண்டும். சிறகிலிருந்து மாவு மாதிரி உதிரும். முகமூடி போட்டாலும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். படியேறினால் இரைக்கிறது, படுத்தால் இருமல். "இனிமே அந்த ரூமுக்குப் போறதா இருந்தா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

முட்டைகளை அட்டையில் ஒட்டும் அறை மாடியில் இருக்கிறது. அங்கே ஜன்னல் உண்டு. ஆபீசரிடம் அழாத குறையாகக் கேட்டேன்.

"மாத்தறேன்மா. ஆனா உங்க இடத்துக்கு ஆள் நிக்கணுமே? வந்த ரெண்டு பேரையும் நீங்களே பயமுறுத்தி அனுப்பிட்டீங்க."

பயமுறுத்தவில்லை. கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

இன்று மூன்றாவது ஆள் வந்தாள். சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு, எதையும் ஒருதரம் சொன்னால் போதும். நான்காவது தொட்டியில் தும்மினாள். ஏழாவதில் கண்ணைக் கசக்கினாள். ஐயோ, இவளும் ஓடிவிட்டால் நான் இந்த அறையிலேயே சாக வேண்டியதுதான்.

அவள் முகமூடியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்களை நம்பித்தான் கேக்கறேன். வீட்டுல கைக்குழந்தை இருக்கு, இன்னும் பால் குடிக்குது. இந்தத் தூசி ஒண்ணும் பண்ணாதில்ல?"

"பழகிடும்மா."

"ஆறு வருஷமா இருக்கீங்களாமே. உங்களுக்கு எதுவும் ஆகலையே?"

இருமல் தொண்டைவரை வந்துவிட்டது. அடிப் பாவி, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்து அடக்கினேன்.

"எதுவும் ஆகலை."

"அப்பாடா!" என்று சிரித்துவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு எட்டாவது தொட்டியைத் திறக்கப் போனாள். நான் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருமித் தீர்த்தேன்.