நர்மதாவுக்கு எந்த ஷூ

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷூ கடையில் கிடைத்தது. மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், முகூர்த்தம் முடிந்து பந்திக்கு நேரம் இருந்ததால், கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்தேன். கடையை நடத்துகிற பெண்மணி முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார்.

"நடக்கறதுக்குங்களா, ஓடறதுக்குங்களா?"

இரண்டுக்கும் ஒன்று போதாதா என்றேன்.

"கல்யாணத்துக்கும் காட்டு வேலைக்கும் ஒரே சேலையவா கட்டறோமுங்க?" என்று சிரித்தார்.

அவர் குனிந்து எனக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. தார்ச்சாலையில் ஒரு பெண் ஓடி வருகிறாள். எனக்கு ஓட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. "நல்லா ஓடறாங்களே, யாருங்க?" என்றேன்.

"என்ற ஓரகத்தி," என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு என் லேஸை ஒரு இழு இழுத்தார் பாருங்கள், பாதம் மரத்துப் போயிற்று.

நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது, பெயர்கள் உட்பட. அந்தப் பெண்மணி இதைப் படித்தால், "நான் அப்படிப்பட்டவ இல்லீங்க" என்பார். உண்மைதான், அவர் இல்லை. சண்முகப்பிரியாதான் அப்படிப்பட்டவள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

முட்டை ஏற்றிய லாரிகள் கிழக்கு வெளுக்கும் முன்பே ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தன. சாலையோரத்தில் இரண்டு பெண்கள் —

விட்டுவிட்டேன். நாமக்கல் என்றதும் முட்டையைக் கொண்டுவருவது எழுதுகிறவனின் சோம்பல். [லாரிகள் உண்மையாகவே போய்க்கொண்டிருந்தன. அதற்கு நான் என்ன செய்ய?]

அடுத்தது:

சண்முகப்பிரியா நல்லவள். ஓரகத்திமேல் கொஞ்சம் பொறாமை இருந்ததே தவிர —

இதையும் விட்டேன். 'தவிர' வந்துவிட்டால் நான் கதை சொல்வதை விட்டுவிட்டு அவளுக்காக வாதாடத் தொடங்கிவிட்டேன் என்று பொருள். ஆகையால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

சண்முகப்பிரியா பள்ளியில் படித்தபோது மண் மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிப் பரிசு வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு ஓட்டம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் ஓடச் சொல்லவும் இல்லை. மகளை விடுதிப் பள்ளியில் சேர்த்த வருடம் வீடு திடீரென்று பெரிதாகிவிட, மறுபடி ஓட ஆரம்பித்தாள். கணவன் ஜெகதீஸ்வரனின் செருப்புக் கடையில் பாதியை ஓட்டக்காரர்களுக்கான ஷூ கடையாக மாற்றினாள். ஊரில் யாருக்கு ஓட ஆசை வந்தாலும் அவளிடம்தான் வந்தார்கள். விடியற்காலையில் சேந்தமங்கலம் சாலையில் ஒரு கூட்டம் ஓடும். அதில் பெண்களில் முதலாவதாக வருகிறவள் அவள்தான். சின்ன விஷயம்தான். ஆனால் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

நர்மதா கொழுந்தன் தமிழரசுவின் மனைவி. அதே வீட்டின் மாடியில் குடியிருந்தாள். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துப் பெண். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு ஏறிப்போக, ஒருநாள் படியிறங்கி வந்து, "அக்கா, நானும் உங்ககூட வாரேனுங்க" என்றாள்.

சண்முகப்பிரியாவுக்குச் சந்தோஷம். கடைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டி பெட்டியாக இறக்கிப் போட்டாள்.

"சாயங்காலமாத்தான் போட்டுப் பாக்கோணும் கண்ணு. அப்பத்தான் காலு வீங்கி நெசமான அளவுக்கு வரும். வெரலுக்கு முன்னால கட்டவெரல் எடம் உடோணும். அடி மெத்துனு இருக்கோணும், ஆனா மெத்தையாட்டம் அமுங்கப்படாது."

"ஷூவுக்கு இத்தன இருக்குங்களாக்கா?" என்று நர்மதா கண்ணை விரித்தாள்.

அன்று சண்முகப்பிரியா நர்மதாவின் காலைத் தன் மடியில் வைத்து அளந்தாள். அந்த அன்பு பொய்யில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு எழுத வாய்ப்பு வராமல் போகலாம்.

3

மழைக்காலம் வருவதற்குள் நர்மதா முந்திவிட்டாள்.

முந்தியதுகூடப் பெரிதில்லை. முந்திய விதம்தான். சண்முகப்பிரியாவுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஓடுகிறவள் முந்தாநாள் குழம்பில் உப்பு கூடிப்போன கதையைச் சொல்லிக்கொண்டு வருவாள். பதில் வராததைக் கவனித்து, "அக்கா, நான் மெதுவா வரட்டுங்களா?" என்பாள். அந்தக் கேள்வியில் கேலி இருந்திருந்தால் சண்முகப்பிரியா பிழைத்திருப்பாள். வெறும் அக்கறைதான் இருந்தது.*

ஊருக்குள் நடந்த சாலை ஓட்டப் போட்டியில் நர்மதா முதலாவதாக வந்தாள். ஜெகதீஸ்வரன் எல்லைக் கோட்டருகே நின்று வீடியோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். அதில் ஓரிடத்தில் சண்முகப்பிரியாவின் முழங்கை மட்டும் வந்துபோனது.

"மயிலாட்டம் ஓடறா பாரு!" என்றான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து, ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு, "உனக்கென்ன சாமி, வயசாவுதல்ல, நீ பையப் போனாப் போதும்" என்றான்.

சண்முகப்பிரியா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

அடுத்த வாரம் கடைக்கு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "நர்மதாக்கா போடற ஷூ இருக்குங்களா?" என்று கேட்டாள். சண்முகப்பிரியாவின் கடையில், அவளிடமே. எடுத்துக் கொடுத்தாள். அளவு சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்தும் பார்த்தாள். பெண் போன பிறகு, எல்லாப் பெட்டிகளையும் அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டி மறுபடி அடுக்கினாள். தூசி எதுவும் இல்லை.

[பொறாமைக்கு இங்கே ஓர் உவமை எழுதினேன்: குதிகாலில் உரசுகிற புது ஷூ மாதிரி, நிற்கும்போது தெரியாது, அடியெடுத்து வைத்தால் தெரியும் என்று. கதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருப்பதால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.]

* நர்மதாவுக்கு ஒரு குறை வைக்கப் பார்த்தேன். கொஞ்சம் கர்வம், கொஞ்சம் வாய்த்துடுக்கு, இரண்டையும் எழுதி அழித்தேன். ஒட்டவில்லை. குறை ஒன்று இருந்தால் சண்முகப்பிரியா அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பாள், கதையும் நின்றுபோயிருக்கும். ஆனால் ஒருவர் முழுக்க நல்லவராக இருப்பதை நானும் நம்பமாட்டேன். அதனால் நர்மதாவை நீங்கள் கொஞ்சம் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

4

ஐப்பசி மழைக்கு நடுவே கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஓட்டப் போட்டி வந்தது. தார் கிடையாது, குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளிக் காடு, ஓடைக்கரை, பாறைப் பாதை. கடையில் கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் சண்முகப்பிரியா ஒன்றையே சொன்னாள்:

"அடியில பல்லு வெச்சதுதான் போடோணுமுங்க. ஈரப் பாறையைப் புடிக்கும். ரேஸ் ஷூவத் தொடாதீங்க. அது தார் ரோட்டுக்குங்க. உள்ள தகடு, ஒசரமான அடி, ஒரு கல்லு மாறி மிதிச்சாக் கணுக்கால் மடங்கிரும்."

முன்பின் தெரியாத ஒருவருக்கு, அவர் வாங்க வந்ததை வாங்கவிடாமல் மாற்றிக் கொடுத்தனுப்பினாள்.

கூட்டம் ஓய்ந்த பிறகு நர்மதா வந்தாள். மாடியிலிருந்து இரண்டு ஜோடியையும் எடுத்து வந்திருந்தாள்: பல் வைத்தது ஒன்று, ரேஸ் ஷூ ஒன்று. இரண்டும் இந்தக் கடையில் சண்முகப்பிரியா தேர்ந்தெடுத்துக் கொடுத்தவைதான். மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, நாளன்னிக்கு எதைப் போடட்டுங்க?"

சண்முகப்பிரியா

[இந்தப் பெயரை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளைத் தவறிச் சொல்ல வைக்கலாம். களைப்பில், கவனக்குறைவில். வாசகர்கள் மன்னிப்பார்கள். ஆனால் அன்று முழுக்கச் சரியாகச் சொன்னவள் ஒருத்திக்கு மட்டும் எப்படித் தவறுவாள்?]

ரேஸ் ஷூவை முன்னால் நகர்த்தினாள். "இதையே போட்டுக்க கண்ணு. லேசா இருக்கும். நீ வெரசலாப் போறவ."

நர்மதா அதைக் கையில் எடுத்து, திருப்பி, வழவழப்பான அடியில் பெருவிரலால் ஒருமுறை தடவினாள்.

"செரிங்க்கா," என்றாள்.

இரவில் சண்முகப்பிரியா தனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான்: விழமாட்டாள், வழுக்குமே என்று பயந்து மெதுவாகப் போவாள், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை பின்னால் வரட்டும். மறுநாள் சொல்லிவிடலாம் என்று மாடிப்படி ஏறினாள். நர்மதாவின் குழந்தை தூங்குகிறது என்று திரும்பினாள். போட்டியன்று காரில் போகும்போது நர்மதா சாலையோரம் தெரிந்த தன் பள்ளிக்கூடத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். புறப்படும் கோட்டில் நர்மதா குனிந்து லேஸை இறுக்கியபோதும் சொல்லியிருக்கலாம். கார் பக்கத்தில்தான் நின்றது, மாற்று ஜோடி அதில்தான் இருந்தது. சொல்லத் தோதாக ஒவ்வொரு இடமாக அமைத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

5

ஏற்றத்தில் நர்மதா பறந்தாள். ஷூ எதுவானாலும் ஏற்றத்தில் அவளுக்கு ஒன்றுதான் போலிருந்தது. சண்முகப்பிரியா தன் ஷூவின் பற்களால் மண்ணைக் கவ்விக் கவ்வி ஏறினாள். அப்போதும் முன்னால் அந்தச் சடை எட்டாமலே போய்க்கொண்டிருந்தது.

இறக்கம் வந்தது. பாறைகள் மழைத்தண்ணீரில் மினுங்கின. முதல்முறையாக நர்மதா தயங்கித் தயங்கிக் கால் வைத்தாள். இடைவெளி குறைந்தது. சண்முகப்பிரியாவுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. கூசவில்லை, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. இதோ, பத்தடி. இதோ, கையை நீட்டினால் —

நர்மதாவின் இடது கால் வெளிப்பக்கமாக மடங்கியது. அவள் கத்தவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, பாறையில் தோள் மோதி, ஓடைப் பக்கம் சரிந்து, ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சண்முகப்பிரியா நின்றாள். [ஓடிப்போய்விட்டாள் என்றும் எழுதிப் பார்த்தேன். கால்கள் கேட்கவில்லை.] இறங்கி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பாறைமேல் உட்கார வைத்தாள். கணுக்கால் பார்க்கப் பார்க்க வீங்கியது. பின்னால் வந்த இளைஞன் ஒருவன் நின்று விசாரித்துவிட்டு, ஆளை அனுப்புவதாகச் சொல்லி இறங்கி ஓடினான்.

"நீங்க போங்க்கா," என்றாள் நர்மதா பல்லைக் கடித்துக்கொண்டு. "பொம்பளைங்க யாரும் நம்மளத் தாண்டல. நீங்கதான் மொதல்ல."

"வாய மூடு." சண்முகப்பிரியா அவள் காலடியில் குனிந்தாள். லேஸை அவிழ்க்க முயன்றாள், முடிச்சு வரவில்லை. "நர்மதா, இந்த ஷூ… நாந்தான் உனக்கு…"

"தெரியுமுங்க்கா."

"என்ன தெரியும்?"

"இது என்ற ஊருங்க. மழ பேஞ்சா இந்தப் பாறையில எது நிக்கும், எது வழுக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பறம் எதுக்குடி போட்ட?"

"நீங்க சொன்னீங்க."

இந்த இரண்டு சொல்லை நான் திட்டமிட்டு எழுதவில்லை. எழுதியபின் இரண்டு விதமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஒருமுறை படித்தால், அக்கா சொன்னால் கிணற்றிலும் இறங்குகிற பிள்ளையின் குரல். இன்னொருமுறை படித்தால், நீ எதுவரை போகிறாய் என்று பார்க்கத் தன் காலையே பணயம் வைத்தவளின் குரல். முதலாவது என்றால் சண்முகப்பிரியா செய்தது பாவம். இரண்டாவது என்றால் அவள் கடையில் அன்றைக்கே பிடிபட்டுவிட்டாள்.

சண்முகப்பிரியாவாலும் பிரித்தறிய முடியவில்லை. நர்மதாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். வலிதான் தெரிந்தது. அந்த நேரத்திலும், வெட்கத்துக்கு முன்பாக, அழுகைக்கு முன்பாக, அவளுக்குள் முதலில் வந்த நினைப்பு இது: இதிலும் இவள் என்னை முந்திவிட்டாள்.

6

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

சண்முகப்பிரியா தன் ஷூவைக் கழற்றி நர்மதாவுக்குப் போட்டுவிட்டு வெறுங்காலோடு அவளைத் தாங்கி இறங்குவது ஒன்று. அழகாகத்தான் வந்தது. ஆனால் வீங்கிய காலில் எந்த ஷூவும் ஏறாது. கடைக்காரி அந்தத் தப்பைச் செய்யமாட்டாள்.

அவள் ஓடிப்போய்ப் பரிசு வாங்குவது ஒன்று. ஜெகதீஸ்வரன் அதையும் வீடியோ எடுக்கிறான். அதை எழுதிவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வருடங்கள் போய், இருவரும் சேர்ந்து கடை நடத்துவதாக இன்னொன்று. அதில் வாக்கியங்கள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக இருந்தன. கிழித்துப்போட்டேன்.

மிஞ்சியது நடந்தது மட்டும்தான். முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்தது. சண்முகப்பிரியா ஷூவை மெல்லக் கழற்றி, துப்பட்டாவை நனைத்துக் கணுக்காலில் சுற்றினாள். நர்மதா குனிந்திருந்த அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குரலை உயர்த்தாமல், கேட்டாள்:

"அக்கா, நான் முன்னால போறது உங்களுக்குப் புடிக்கலீங்களா?"

இல்லை என்று சொன்னால் இருவரும் ஒரே வீட்டில் பழையபடி இருக்கலாம். நர்மதா நம்பினாலும் நம்பாவிட்டாலும் தலையாட்டுவாள். ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அங்கேதான் அவர்களுக்குள் முதல் உண்மையான பேச்சு தொடங்கும். ஒருவேளை மாடி வீடு காலியாகும்.

சண்முகப்பிரியாவின் வாயில் நான் எந்தச் சொல்லை வைத்தாலும் அது என் சொல்லாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒருத்தர் மூச்சிரைக்காமல் தாண்டிப் போக, அவரைப் பார்த்துச் சிரித்து வைத்திருக்கிறீர்கள்தானே நீங்களும்? யார் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசுங்கள்.

கீழேயிருந்து ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வருகிறார்கள். பேச்சுச் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டால் தூக்கு, பிடி, பார்த்து என்று ஆகிவிடும். இந்தக் கேள்வி அப்புறம் எந்தக் காலத்திலும் கேட்கப்படாது. அவர்கள் அந்த வளைவைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுங்கள்.