இருபத்திரண்டு நிமிடம்

ஒன்பது நாட்கள், ஒவ்வொரு நாளும் ஆறேகால் மணி நேரம், அரசு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து நேரம் எழுதினேன். காலை நாலே முக்காலுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிப்பேன். யார் எப்போது வந்தார், எப்போது டோக்கன் வாங்கினார், எப்போது டாக்டர் அறைக்குள் போனார். மூன்று கட்டம், ஒரு பென்சில்.

எங்கள் அலுவலகம் இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்டு அறிக்கை தயாரிக்கிறது. ஒன்று எங்கள் நாடு. இன்னொன்று அக்கா கல்யாணமாகிப் போன நாடு. வீட்டின் பரப்பு, பேருந்துக்கு நிற்கும் நேரம், தூங்கும் நேரம் என்று நாற்பது வரிகள். முப்பத்தொன்றாவது வரி, டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம். அவர்களுக்கு எட்டு நிமிடம். எங்களுக்கு இருபத்திரண்டு.

இருபத்திரண்டு என்பது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரி மாணவர்களை வைத்து எடுத்த கணக்கு. தாளில் கணக்கு எடுத்தவரின் பெயர் கிடையாது, அவருக்குக் கொடுத்த எண் மட்டும்தான். இந்த முறையும் அதையே போடுவதாக மேலாளர் முடிவு செய்திருந்தார். நானும் பேசாமல்தான் இருந்தேன், போன மாதம் வரை.

ரத்த அழுத்த மாத்திரை வாங்க அம்மா மாதம் ஒருமுறை விடியுமுன் கிளம்பிவிடுவாள். நான் எழுந்திருக்கும்போது வீட்டில் இருக்கமாட்டாள். போன மாதம் அவளுக்குக் கால் வீங்கியிருந்ததால் துணைக்குப் போனேன். ஐந்து மணிக்கு வாசலில் அறுபது பேர். தரையில் வரிசையாகப் பைகள், தண்ணீர் பாட்டில்கள், ஒரு குடை. ஆட்கள் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள்.

"அந்தக் குடை யாருதும்மா?"

"அது நான்தான். எனக்கு முன்னாடி அந்தப் பச்சைக் கூடை நிக்குது. பின்னாடி இருக்குற பாட்டில் கொஞ்சம் மோசம், அடிக்கடி முன்னாடி நகரும். ஒரு கண்ணு வச்சுக்கோ."

"டோக்கன் எத்தன மணிக்கு?"

"எட்டு மணிக்கு. இருபது இருபதாக் குடுப்பாங்க. டோக்கன் கைக்கு வந்துட்டா பாதி நோய் போயிடும்."

"மீதிப் பாதி?"

"டாக்டர் லீவுன்னு போர்டு மாட்டினா போனதும் சேந்து திரும்பி வந்துடும்."

டோக்கன் வாங்கிய பிறகு இருபத்திரண்டு நிமிடம்தான் ஆனது. கணக்கு பொய்யில்லை. அதற்கு முந்தைய நேரத்தைத்தான் யாரும் எழுதவில்லை.

அதனால்தான் ஒன்பது அரைநாள் விடுப்பு எடுத்தேன். வாசலுக்கு வந்ததிலிருந்து டாக்டரைப் பார்க்கும் வரை சராசரி இருநூற்று இருபத்தொரு நிமிடம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்கு இன்னொரு டாக்டரும் காலை ஐந்து மணிக் கவுண்டரும் கிடைக்கும். எங்கள் அறிக்கையை வைத்து அரசு போடும் திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு அச்சாகிவிட்டால் அடுத்த அறிக்கை வரை ஒன்றும் கிடைக்காது.

அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

"ஐயோ, இங்கல்லாம் அப்படிக் கெடையாதுடி. போய் உக்காந்தேன், எட்டு நிமிஷம்கூட ஆகல, கூப்ட்டுட்டாங்க."

"அப்பாயின்ட்மென்ட் எப்பக் கேட்ட?"

"காது வலி ஆரம்பிச்ச அன்னைக்கே கேட்டுட்டேன்."

"அது எப்ப?"

அக்கா வாய்விட்டு நாட்களை எண்ணினாள். "பத்தொம்பது நாளைக்கு முன்னாடி. போறதுக்குள்ள வலியே போயிடுச்சு. கெடச்ச தேதிய விடுவானேன்னு போய் காதைக் காட்டிட்டு வந்தேன்."

இருவரும் சிரித்தோம். அவர்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள், நாங்கள் வாசலில். காத்திருப்பு முடியப்போகும் இடத்தில்தான் இரண்டு நாடுகளும் கடிகாரத்தைத் தொடங்கியிருக்கின்றன. அவர்களுடைய எட்டு நிமிடத்தையும் கேள்வி கேட்க வேண்டும். முதலில் எங்கள் வரி.

மறுநாள் கூட்டம். அறையில் ஆறு பேர். மாலை அறிக்கை அச்சுக்குப் போகிறது. அலுவலகத்தில் எனக்கு 'மியூட்' என்று பெயர். காணொலிக் கூட்டங்களில் என் ஒலிவாங்கி ஒருநாளும் திறந்ததில்லை. என் தாள்களை மேலாளர் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா இது, இருநூத்தி இருபத்தொண்ணா? இருபத்திரண்டுக்குப் பின்னாடி ஒரு ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னு நெனைப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான். நானும் சிரித்தேன்.

"வாசல்லேருந்து எண்ணினேன் சார்."

"வாசல்ல உக்கார்றது அவங்க இஷ்டம். எட்டு மணிக்கு வரட்டுமே?"

"ஒரு நாளைக்கு நூறு டோக்கன் சார். எட்டு மணிக்கு வாசல்ல நூத்தி நாப்பது பேர் இருக்காங்க."

சிரிப்பு நின்றது. மேலாளர் கெட்டவர் அல்ல. ஓர் எண்ணை மாற்ற அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னார். அந்தத் தாளை என் தாளுக்குப் பக்கத்தில் விரித்தார்.

"இதப் பாரு. ஏழாம் நம்பர். மூணு நாள் உக்காந்து எடுத்திருக்கார். ஒரு அடித்தல் திருத்தல் உண்டா? உன் கணக்கு ஒரு பக்கம், இவர் கணக்கு ஒரு பக்கம். நான் எத நம்புறது? தப்பா எடுத்துட்டேன்னு அந்த ஏழாம் நம்பர் வந்து சொல்லட்டும், இப்பவே மாத்துறேன். இப்ப எந்த ஊர்ல இருக்காரோ!"

சுத்தமான கையெழுத்துதான். மூன்று நாளும் முதல் பதிவு எட்டேகாலுக்கு. அதற்கு முன் ஒரு வரிகூட இல்லை. இரண்டு தாள்களிலும் '2' என்ற இலக்கத்தின் வால் ஒரே மாதிரி மேலே சுழித்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

தவறான கணக்கு கொடுத்தவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்பது எங்கள் விதி. என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அம்மாவின் அடுத்த மாத்திரைத் தேதியும் அடுத்த மாதம்தான்.

எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.

"அட, மியூட் எழுந்துட்டாங்களே," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஏழாம் நம்பர் எங்கயும் போகல சார்," என்றேன். "அந்த மூணு நாளும் எட்டு மணிக்கு மேலதான் போனேன். அந்த இருபத்திரண்ட எழுதினது நான்தான்."