பேர் சொல்லி ஒரு ஜெபம்

அந்தச் சபையில் ஒருவருக்காகப் பேர் சொல்லி ஜெபித்தால் டாக்டர் கையை விரித்தாயிற்று என்று அர்த்தம். எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் தெரியாதவர் கிடையாது. காய்ச்சல், கால்முறிவு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வரி போதும். மேடையிலிருந்து பேரே வந்துவிட்டதா, பின்வரிசைப் பூக்கடைக்காரர் மனசுக்குள் மாலைக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன முட்டைக்கடைக்காரர் பேரை யாரோ தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் தையல் பிரித்து முழுசாகத் திரும்பி வந்தபோது, அவர் கடையில் பாக்கி வைத்திருந்த பாதிப்பேருக்கு முகமே சரியில்லை.

புதிதாக வந்த போதகருக்கு இது தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது சொல்லித்தருவார்களா என்ன?

ஆனால் வாயைக் கொடுத்து வம்பை வாங்கியது கடன் சங்கத்துக் கேஷியரம்மாதான். ஆராதனைக்கு முன்னால் வாசலில் போதகரைப் பார்த்தவள், சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, இந்த வருஷம் ஆடிட் நல்லபடியா முடிஞ்சுது. எங்க சங்கத்தையும் ஒரு வார்த்தை நினைச்சுக்கங்க" என்றாள். நன்றி சொல்லச் சொன்னாள், அவ்வளவுதான். அவரோ நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களால்தான் பாதித் தொல்லை. மேடையில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்தை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்றார்.

ஒப்புக்கொடுக்கிறோம்! கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. ஆமென் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி வந்தது.

சங்கம் என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. ஜெபக்கூடத்தின் பின்பக்கம் ஒரே ஒரு அறை, கம்பி வைத்த ஒரு ஜன்னல், அதற்கு மேலே 'நம்பிக் கொடு, நம்பி வாங்கு' என்று பெயின்ட் எழுத்து. வட்டிக்காரர்களிடம் தோலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சில குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆரம்பித்தது. போட்டவர்களே முதலாளி, கடன் வாங்குகிறவர்களும் அவர்களே. பிற்பாடு எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, தெருவில் இருக்கிறவர் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். கேஷியரம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் லாரி ஓட்டுகிற அவள் கணவரும் சேர்த்த காசெல்லாம் அங்கேதான் கிடந்தது. அவ்வளவும் மகளுடைய நர்சிங் படிப்புக்கு. வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்ட வேண்டும்.

திங்கட்கிழமை அவள் ஷட்டரைத் தூக்கும்போதே வரிசை நின்றது. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ அவளுக்கு ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார்கள். முதலாவதாக நின்ற தையற்காரம்மா கம்பிக்குள் கையை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா தாங்குற?"

"அக்கா, சங்கத்துக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கு."

"ஆமாம்மா. எங்க மாமனாரும் அப்படித்தான், கடைசி நாள் எந்திரிச்சு உக்காந்து காபி கேட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் எடுத்துக்கறேன். தப்பா நினைக்காத" என்றாள்.

எந்தச் சங்கத்திலும் பெட்டியில் இருப்பது கொஞ்சம்தான்; மீதி கடனாக வெளியே போய் உழைத்துக்கொண்டிருக்கும். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் கொடுக்க எவனாலும் முடியாது. செயலாளர் பெரிய பேங்குக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"நம்ம டெபாசிட் மேல பணம் தர்றேங்கறாங்க. ஆனா நாளைக்குக் காலையிலதான். இன்னைக்கு மூணு மணிக்கு மூடுற வரைக்கும் பெட்டி காலியாகாம பாத்துக்கோ. நடுவுல இல்லைன்னு சொல்லி ஜன்னலை மூடினோம்னா, நாளைக்கு எவ்ளோ கொண்டுவந்தாலும் பத்தாது. தெருவே வந்து நிக்கும்."

"நான் சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறாங்க, அண்ணே."

"நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா? சொல்லிக்கிட்டே இரு."

சொல்லிக்கொண்டே இருந்தாள். நோட்டை ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினாள். இழுப்பறை மாட்டிக்கொண்டதாகப் பாவனை செய்தாள். முட்டைக்கடைக்காரர் ஜன்னலுக்கு வந்தபோது பொறுக்காமல் கேட்டேவிட்டாள்.

"உங்களுக்கும்தானே பேர் சொல்லி ஜெபிச்சாங்க! போய்ச் சேந்துட்டீங்களா?"

"நான் பொழச்சேன்மா, இல்லைங்கல. ஆனா அதுக்கப்புறம் ஒரு பய பாக்கியைத் திருப்பித் தரலையே!" என்றார். ஆனாலும் அவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "சரி, நான் இப்படி ஓரமா நிக்கறேன்" என்று சுவரோரம் ஒதுங்கினார்.

மத்தியானத்துக்கு மேல் போதகரை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். 'சங்கம் சுகமாயிருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷர் வேர்க்க விறுவிறுக்க வந்தார், பெஞ்சின்மேல் ஏறினார், கூட்டத்தைப் பார்த்தார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே.

"பிரியமானவர்களே, ஜெபிப்போம்."

கம்பிக்குப் பின்னாலிருந்து கேஷியரம்மா இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் கண்ணை மூடியாயிற்று. சங்கத்தின் பேரை முழுசாக, நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவை படுக்கையில், இரண்டாவது தடவை கல்லறையில். அதுதான் அங்கே கணக்கு. கண்ணைத் திறந்தபோது வாசல் தாண்டி வரிசை வளைந்திருந்தது.

'பாவி மனுஷா, வாயை வச்சுக்கிட்டு இருக்கமாட்டியா' என்று அவள் மனசுக்குள் வைதாள். யாரை வைது என்ன? நேற்றுவரை சங்கத்துக்கு ஒரு நோயும் இல்லை. இன்றைக்கு வந்துவிட்டது. எதிரே நின்ற வரிசைதான் அந்த நோய். காலையில் அவள் சொன்னது சத்தியம். அதே வார்த்தையை இப்போது சொல்லும்போது நாக்கு கூசியது.

அப்போதுதான் அவள் கணவர் வந்தார். தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் புழுதி. யாரும் முனகக்கூட இல்லை, வழிவிட்டார்கள். கேஷியரம்மா வீட்டுப் பணம் வெளியே வருகிறதா என்று பார்க்க அத்தனை கண்ணும் அவர் முதுகில் இருந்தது.

"பாப்பா ஃபீஸை மட்டும் எடுத்துக் குடு" என்றார் தணிந்த குரலில்.

"வெள்ளிக்கிழமைதானேங்க கட்டணும். இங்கயே இருக்கட்டும்."

"என்னைப் பாத்துச் சொல்லு. பத்திரந்தானா?"

பார்த்தாள். கட்டின நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து அவள் பொய் சொன்னதில்லை. இது பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. இவர் பணத்தை எடுக்காமல் போனால் நிஜம், எடுத்தால் பொய்.

"பத்திரந்தாங்க. வீட்டுக்குப் போங்க. வரும்போது நான் பால் வாங்கிட்டு வரேன்" என்றாள் எல்லோர் காதிலும் விழும்படி. குரல் ஆடவேயில்லை.

அவர் பாஸ்புக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

வரிசையில் ஒரு சலசலப்பு. "கேஷியரம்மா வீட்டுப் பணமே உள்ளதான் இருக்காம்யா" என்றார் முட்டைக்கடைக்காரர். தலையைச் சொறிந்துகொண்டு முதல் ஆளாக வெளியே போனார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். அப்புறம் நாலைந்து பேர். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். பெட்டிக்குள் ஒரே ஒரு கட்டு மிச்சம்; அதுவும் மெலிந்த கட்டு. நிற்கிறவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஆண்டவரே, இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டீர், இன்னும் கொஞ்சம்தான் என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அடுத்து ஜன்னலுக்கு வந்தவள் சலவைக்கடை அக்கா. சபையைச் சேர்ந்தவள் இல்லை, போன வருஷம்தான் சங்கத்தில் சேர்ந்தாள். சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களால் ஒரு துணிப்பையை அவிழ்த்து, கட்டுக்கட்டாகப் பணத்தை எடுத்து வைத்தாள்.

"எங்கண்ணன் கடைசியா என் பங்கைக் குடுத்துட்டாம்மா! எத்தனை வருஷச் சண்டை தெரியுமா? வீட்டுல வச்சா எங்க வீட்டுக்காரர் குடிச்சே தீத்துடுவாரு. இதை என் கணக்குல போட்டுடு" என்றவள், சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாராவது செத்துட்டாங்களா? எல்லாரும் ஒரு மாதிரி நிக்கறாங்களே."

கேஷியரம்மா அந்தக் கட்டுகளைப் பார்த்தாள். நிற்கிற அத்தனை பேருக்கும் கொடுத்து, மூன்று மணியைத் தாண்டி, மிச்சமும் இருக்கும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான். கையை நீட்டி வாங்க வேண்டியது, ரசீது போட வேண்டியது. அவ்வளவுதான் வேலை.

"இங்க போட்டா பத்திரந்தானேம்மா?" என்றாள் அக்கா.

அதே கேள்வி. சற்றுமுன் கணவருக்குக் கண் இமைக்காமல் பதில் சொன்ன வாய், இப்போது திறக்க மறுத்தது. மகள் படிப்பை வைத்து ஆடியாயிற்று. அது அவள் வீட்டுச் சோறு. இது ஊரான் வீட்டுச் சோறு. நாளைக்குப் பணம் வந்தால் சரி. வராவிட்டால்? வந்தும் பத்தாவிட்டால்?

"நாளைக்கு வாங்கக்கா."

"ஏன், இன்னைக்கு என்ன?"

"நாளைக்கு வாங்க" என்று கட்டுகளைக் கம்பிக்கு வெளியே தள்ளினாள்.

அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. "நான் உங்க சபை ஆளில்லைன்னுதானே? கூட்டம் போட்டு உங்க ஆளுங்களுக்கு மட்டும் பாத்துக்கறீங்க. என் காசு உங்களுக்கு ஆகாதுல்ல?" என்று பணத்தைப் பைக்குள் அள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அப்படி இல்லக்கா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எப்படி இல்லை என்று இத்தனை பேர் முன்னால் சொல்வது?

காலையில் வாங்கின பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சில் இன்னும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தையற்காரம்மாதான் முதலில் எழுந்தாள்.

"அடிப்பாவி! போட வந்தவ பணத்தையே வாங்கமாட்டேங்கறாளே!"

நெருப்பில்லாமல் புகையுமா என்று நாள் முழுக்க முணுமுணுத்தவர்களுக்கு இப்போது நெருப்பையே காட்டியாயிற்று. வெளியே போனவர்கள் ஓடி வந்தார்கள். வரிசை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கம்பிக்குள் கைகள், பாஸ்புக்குகள், முழங்கைகள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல், நீண்ட கைக்கெல்லாம் எண்ணி எண்ணிக் கொடுத்தாள். மூன்று மணி இன்னும் அடிக்கவில்லை.

கடைசியாக நீண்ட கையில் லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த காய்ப்பு இருந்தது. அவர் வீட்டுக்குப் போகவேயில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பாஸ்புக்கைத் திறந்து நீட்டினார்.

அவள் பெட்டியைத் தூக்கி அவர் பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே நோட்டுக்கட்டுகளில் இருந்து கழற்றிப் போட்ட ரப்பர் பேண்டுகள் கிடந்தன. அவர் பின்னாலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவள் எழுந்து ஷட்டரை இழுத்து மூடினாள்.