குணேஸ்வரி வீட்டுச் சிம்பொனி

ஜான்-டலோன் சந்தையில் தக்காளி விலை ஏறிய மாசி மாதத்தில், ஒன்றரை மணிநேரச் சிம்பொனி ஒன்று, புலம்பெயர்ந்தவர்கள் குடியிருக்கும் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு வந்து குணேஸ்வரியின் வீட்டில் தங்கியது. நூறு வருடங்களுக்கும் முன்பு வியன்னாவில் ஒருவர் எழுதியது. பித்தளைக் கொம்புகள், பெருமேளங்கள், வயலின் கூட்டம், நடுவில் பாடுவதற்கு ஒரு ஊர்ச்சனம். வாசிப்பவர்கள் யாரும் வரவில்லை. ஓசை மட்டும் வந்தது.

வரவழைத்தது குணேஸ்வரியின் வாய்தான். தகப்பன் இறந்த பிறகு அம்மா வீட்டோடே அடைந்து கிடக்கிறாரே என்று பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் மகள் ஆர்த்திகா டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாள். பெரிய மண்டபத்தில் முதல் பாதி அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் வயலின்கள், பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுக் கதவைச் சாத்துபவர்களைப்போல மெல்ல மெல்ல அடங்கியபோது கண் கலங்கிவிட்டது. நல்லதொன்று விடைபெறும்போது சும்மா இருக்கலாமா? “போட்டு வாங்கோ” என்றார். யாழ்ப்பாணத்தார் வீட்டுக்கு வந்தவரைப் போகச் சொல்வதில்லை. போய்த் திரும்பி வரச் சொல்வதுதான் முறை. அது வெறும் மரியாதைப் பேச்சு என்பது வியன்னாச் சிம்பொனிக்குத் தெரியாது. வரச் சொன்னார்கள், வந்துவிட்டது.

கொம்புகள் குளியலறையிலும் மேளங்கள் கட்டிலுக்கடியிலும் இடம் பிடித்தன. புட்டு அவியும்போது குழல்கள் ஆவியோடு சேர்ந்து எழும்பின. மேல்வீட்டு யோகராசா படியிறங்கி வந்தார்.

“குணேஸ் அக்கா, வீட்டை வாடகைக்கு விட்டிட்டியளோ? நூறு பேர் மூச்சு விடுற மாதிரிக் கிடக்கு.”

“விருந்தாளி, தம்பி.”

“விருந்தாளி கலியாண மேளத்தோடையே வந்தவர்?”

அந்த மாதம் முழுக்க குணேஸ்வரி தனியே சாப்பிடவில்லை. இப்படியே இருந்திருக்கலாம். ஆனால் மண்டபத்தில், வாசிப்பவர்கள் வில்லை இழுத்தார்கள், ஊதினார்கள். ஒரு சத்தமும் எழவில்லை. கொம்பு ஊதும் மதாம் லுசி என்பவர் ஓசையின் தடம் பிடித்து மெட்ரோவில் வந்து கதவைத் தட்டினார். வரும் சனிக்கிழமைப் பகல் கச்சேரியோடு அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு. ஊமைக் கொம்போடு விடைபெற வேண்டுமா என்று அழுதார். குணேஸ்வரி தேத்தண்ணி கொடுத்தார்.

விருந்தாளியை “போட்டு வாங்கோ” என்று அனுப்பிப் பார்த்தார். அது வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. ‘வாங்கோ’ இல்லாத மற்றச் சொல்லைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கணவர் இரவிச்சந்திரன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்கு ஓடிய ஒருநாள் காலையில், அவசரத்தில் “போறன்” என்று மட்டும் சொல்லிப் போனவர். பிறகு வரவில்லை. அந்தச் சொல்லால் இந்த வீடு ஒருமுறை வெறுமையானது போதாதா?

சாமிப்படத்துக்கு முன் விளக்கேற்றிக் கும்பிட்டார். நம் வீட்டுக்கு வந்ததெல்லாம் நம்முடையதாகிவிடாது என்று அவருக்குத் தெரியும். ஒருத்தியின் கண்ணீரின்மேல் பாய் விரித்துப் படுக்கவும் முடியாது.

சனிக்கிழமை சிம்பொனியைக் கூட்டிக்கொண்டு மெட்ரோ ஏறினார். சனம் ஒதுங்கி அதற்கு இடம் விட்டது. மண்டப வாசலில் கண்ணை மூடிக்கொண்டு, “போங்கோ” என்றார். அது போனது. மதாம் லுசியின் கொம்பு அன்று கூரையைத் தூக்கியது என்று பேசிக்கொண்டார்கள். குணேஸ்வரி உள்ளே போகவில்லை. வெறும் வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்து, அரிசி கழுவினார்.

உலை கொதிக்கும்போது குளியலறையில் ஒரு கொம்பு தொண்டையைச் செருமியது. பின்னால் வயலின்கள் சப்பாத்துக் கழற்றுபவர்களைப்போலக் கசமுசாவென்று நுழைந்தன. இம்முறை யாரும் வரச் சொல்லவில்லை.

குணேஸ்வரி உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டார்.

இப்போது அது கச்சேரி நாட்களில் வேலைக்குப் போய் வருகிறது. களைத்து வந்து மறுநாள் மத்தியானம்வரை நித்திரை கொள்வதால், அதுவரைக்கும் அந்தக் கட்டடத்தில் யாரும் கிறைண்டர் போடுவதில்லை.